முதலில் மீட்டர், டைமர் அப்புறம்

ஆயில் பிரஷர் முள் நடுவில் நிற்கிறது, இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக வண்டி ஓட்டுகிறவர்கள், 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு கம்பெனி தன் பிக்கப் வண்டிகளில் செய்த வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயில் அழுத்தத்துக்கு ஏற்ப முள்ளை ஏற்றி இறக்கும் சென்சாரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் சுவிட்ச் ஒன்றை வைத்தார்கள். ஆறேழு பவுண்டு அழுத்தம் வந்தால் சுவிட்ச் மூடிக்கொள்ளும். மீட்டருக்குப் பின்னால் ஒரு ரெசிஸ்டர், அது முள்ளை நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அழுத்தம் பத்து பவுண்டோ, அறுபது பவுண்டோ, முள் அதே இடத்தில்தான். முள் கொஞ்சம் இறங்கினாலே வாடிக்கையாளர் பதறிக்கொண்டு சர்வீஸுக்கு வந்து நிற்கிறார், அதனால்தான் இந்த ஏற்பாடு என்று பரவலாகச் சொல்வார்கள். இன்றைய கார்களின் தண்ணீர்ச் சூடு மீட்டரும் பல இடங்களில் இந்தக் கதைதான். நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், நிஜமாகவே கொதிக்கும்போது ஒரே தாவலாகச் சிவப்புக்குப் போகும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், டென்வர் பக்கம் இருக்கிறான். 2001ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500 பிக்கப் ஒன்றைப் பழசாக வாங்கியிருக்கிறான். உள்ளே கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 24 வால்வு டீசல் இன்ஜின், ஹோல்செட் டர்போ, ஐந்து கியர், கையால் போடுகிற வண்டி. பின்னால் மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள கேம்பர் வண்டியை இழுத்துக்கொண்டு மலைக்குப் போய்த் தங்குவது அவன் குடும்பத்தின் கோடைகால வழக்கம். நாங்கள் அங்கே போவதற்கு முன்பே போனில் சொன்னான்: "மாமா, டர்போ டைமர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். நீங்க வந்ததும் மாட்டிடலாம்."

"மீட்டர் இருக்கா மாப்ள?"

"வண்டியிலயே இருக்கே மாமா."

சங்ககிரியில் பட்டறை வைத்திருந்தவனிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? முதலில் மூன்று மீட்டர் வாங்கு, டைமர் பெட்டியைப் பிரிக்காமல் வை என்றேன். அழுத்த மீட்டர் ஒன்று டீசலுக்கு, ஒன்று டர்போ காற்றுக்கு, மூன்றாவது புகைச்சூட்டுக்கு. இந்த மூன்றில் அவன் வண்டிக்கு உயிர்நாடி முதலாவது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1994 முதல் 1998 நடுப்பகுதி வரை டாட்ஜில் வந்த பழைய 12 வால்வு கம்மின்ஸில் நம் ஊர் லாரிகளில் இருப்பது போன்ற வரிசை பம்ப் இருந்தது. அந்த பம்புக்கு இன்ஜின் ஆயிலே மசகு. புகைச் சட்டம் கடுமையானதும் 24 வால்வு இன்ஜின் வந்தது. அதோடு பாஷ் கம்பெனியின் விபி44 என்ற சுழல் பம்ப் வந்தது. தலையில் எலக்ட்ரானிக் பலகையைச் சுமந்துகொண்டிருக்கும் இந்த பம்புக்கு மசகும் டீசல்தான், குளிர்ச்சியும் டீசல்தான். அந்த டீசலைத் தள்ளிக் கொடுப்பது இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில், சூட்டிலும் அதிர்விலும் மாட்டியிருக்கிற ஒரு சின்ன மின்சார ஃபீட் பம்ப். அது அடிக்கடி சாகும். அது செத்தாலும் வண்டி ஓடும்! விபி44 தானே டீசலை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. ஃபீட் பம்ப் போனது தெரியாமல் ஓட்டி, ஒருநாள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி நகராமல் நின்ற பிறகுதான் பானட்டைத் திறப்பார்கள். அதற்குள் ஆயிரம் டாலரைத் தாண்டும் இன்ஜெக்‌ஷன் பம்ப் வறண்டு தேய்ந்து போயிருக்கும். கம்பெனி கொடுத்த டாஷ்போர்டில் டீசல் அழுத்தத்துக்கு மீட்டர் கிடையாது. இந்த வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் வாய்ப்பாடாகச் சொல்வது ஒன்று: சுமையோடு ஏறும்போது முள் பத்து பவுண்டுக்குக் கீழே போனால் வண்டியை ஓரம் கட்டு.

மீட்டரை எங்கே இணைக்கிறோம் என்பதும் முக்கியம். ஃபில்டருக்கு முன்னால் இணைத்தால் ஃபீட் பம்பின் நலம் மட்டுமே தெரியும். ஃபில்டரைத் தாண்டி, விபி44இன் வாயில் இருக்கும் பான்ஜோ போல்ட்டைக் கழற்றிவிட்டு, மீட்டர் மாட்டவே துளைபோட்ட போல்ட்டைப் போட்டால், ஃபில்டர் அடைத்தாலும் முள் காட்டிக்கொடுக்கும். நாங்கள் அங்கேதான் போட்டோம். இன்னொரு சங்கதி, மெக்கானிக்கல் மீட்டர் என்றால் டீசல் குழாயே ஓட்டுநர் முழங்காலுக்கு மேல் வரை வந்து நிற்கும். குழாய் நழுவினால் கேபினுக்குள் டீசல் மழை. அதனால் மின்சார சென்சார் வைத்த மீட்டர்தான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். விபி44 ஒவ்வொரு முறை பீய்ச்சும்போதும் டீசல் குழாயில் ஒரு சுத்தியல் அடி விழும்; அந்த அடியை நேரடியாக வாங்கினால் சென்சார் சீக்கிரமே போய்விடும். நடுவில் ஒரு சின்ன ஊசி வால்வு வைத்து, முள் நடுங்காத அளவுக்கு அதை மூடி வைக்க வேண்டும். முழுக்க மூடிவிடக் கூடாது என்பதை மாப்பிள்ளைக்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை, அவன் இன்ஜினீயர். ஸ்பேனர் பிடிக்கத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

டர்போ காற்று மீட்டர் சுலபம். இன்டேக்கிலிருந்து ஒரு மெல்லிய நைலான் குழாய், அவ்வளவுதான். இந்த இன்ஜினில், கம்பெனி அமைப்பில், முழுச் சுமைக்கு இருபது பவுண்டை ஒட்டி வரும். காற்று குறைவாகவும் புகைச்சூடு அதிகமாகவும் காட்டினால், இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். மேலே போவோம்.

புகைச்சூடு மீட்டரை அங்கே பைரோ என்கிறார்கள். இதன் உணர்வி ஒரு ஆச்சரியம். குரோமல், அலுமல் என்ற இரண்டு உலோகக் கம்பிகளின் நுனியைச் சேர்த்து ஒட்டினால், அந்த நுனி சூடாகும்போது தானாகவே மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் ஸீபெக் கண்டுபிடித்த விஷயம். டிகிரி செல்சியஸுக்கு ஒரு வோல்ட்டின் லட்சத்தில் நாலு பங்குதான், ஆனாலும் முள்ளை நகர்த்த அதுவே போதும். அதனால்தான் இந்தக் கம்பி நீளமாக இருக்கிறதே என்று வெட்டவோ, போதவில்லையே என்று சாதா செம்புக் கம்பியை ஒட்டவோ கூடாது. மீதி இருந்தால் சுருட்டி டாஷ்போர்டுக்குள் கட்டி வைக்க வேண்டும்.

சங்கடம் அந்த நுனியை எங்கே நுழைப்பது என்பதில். டர்போவுக்குப் பின்னால், சைலன்ஸர் குழாயில் துளை போடுவது பயமில்லாத வேலை. ஆனால் டர்பைனைச் சுழற்றும்போதே புகை தன் சூட்டில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. சுமையில் 200, 300 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்தே காட்டும். பிஸ்டனுக்கு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலேயே துளை போட வேண்டும். வார்ப்பிரும்பு. துளைக்கும்போது விழும் தூள் உள்ளே போனால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்பைன் சக்கரத்தின் இறக்கைகளைத்தான் போய் அடிக்கும்.

இதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் உண்டு. டிரில் பிட்டில் கிரீஸைத் தடவி, கொஞ்சம் துளைத்து, துடைத்து, மறுபடி துளைப்பது ஒன்று. இன்ஜினை ஓடவிட்டே துளைத்து, புகையே தூளை வெளியே ஊதட்டும் என்று விடுவது இன்னொன்று. அப்படிச் செய்து ஒரு கெடுதலும் வராதவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. டர்போவைக் கழற்றினோம். நான்கு நட்டுகள், ஆயில் குழாய்கள் இரண்டு, காற்றுக் குழாய் ஹோஸ்கள், சைலன்ஸர் குழாயின் கிளாம்ப். டென்வரில் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கரைசல் தெளிக்கிறார்கள். நட்டுகள் எல்லாம் துருவேறி இருந்ததால் முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். மேனிஃபோல்டின் வாய் நடுவில் சுவர் வைத்து இரண்டு அறைகளாக இருக்கும்; முன் மூன்று சிலிண்டருக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று. பின் மூன்றின் அறையில் துளை போட்டு, எட்டில் ஒரு அங்குல பைப் மரை எடுத்தோம். கழற்றிய டர்போவைக் கையில் பிடித்து ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் இம்மி அளவு ஆட்டம் இருக்கலாம், ஆயில் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. தெரியவில்லை. திரும்ப மாட்டும்போது ஆயில் வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றி, கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மாட்டுவது எங்கள் பட்டறைப் பழக்கம். டர்போவைக் கழற்றுவது அதிக வேலைதான். ஆனால் பழைய வண்டி வாங்கியவன் தன் டர்போவின் உள்ளே ஒருமுறையாவது பார்ப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

மூன்று மீட்டரையும் ஓட்டுநர் பக்கத்து முன்தூணில், அதற்கென்றே விற்கிற பிளாஸ்டிக் கூட்டில் பொருத்தினோம். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃப்யூஸிலிருந்து மின்சாரம். உள்விளக்குகள் டாஷ்போர்டு விளக்கோடு சேர்ந்து மங்கும்படி தனி வயர். எர்த் மூன்றுக்கும் ஒரே போல்ட்டில். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை அவன் வாங்கி வைத்திருந்தான். அதிர்கிற டீசல் வண்டியில் அவை நிற்காது. சால்டர் வைத்து, மேலே சுருங்கும் ரப்பர் குழாய் போட்டோம். பந்தய வண்டிக்காரர்களின் வழக்கம் ஒன்றையும் கடன் வாங்கினேன். மீட்டரைக் கூட்டுக்குள் கொஞ்சம் திருப்பி வைத்து, எல்லாம் சரியாக இருக்கும்போது எல்லா முட்களும் நேர் மேலே பார்க்கும்படி செய்வது. எண்ணைப் படிக்க வேண்டியதில்லை. ஒரு முள் சாய்ந்தால் கண் தானாகப் பிடிக்கும்.

பிறகு மலைக்குப் போனோம். டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 சாலை ராக்கி மலையை ஐசன்ஹோவர் சுரங்கத்தின் வழியாகக் கடக்கிறது. 1973இல் திறந்த சுரங்கம், 11,158 அடி உயரம். நம் தொட்டபெட்டா உச்சியைவிட 750 மீட்டருக்கும் மேலே அங்கே லாரிகள் போய்வருகின்றன. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். திரும்பி வரும் வழியில் டில்லன் ஊரிலிருந்து சுரங்கம் வரை எட்டு மைல், ஏழு சதவீத ஏற்றம். அமெரிக்காவின் வண்டிப் பத்திரிகையாளர்கள் புதிய பிக்கப்களின் இழுவையைச் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போகிற ஏற்றம் இது. காற்று மெலிந்த இடத்தில் டீசல் அதே அளவு பீய்ச்சப்பட்டால் புகை சூடாகும். பைரோவைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் கிடைக்காது.

கேம்பரோடு ஏறினோம். நாலாவது கியரில் முள் 1,000 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, 1,100, பிறகு 1,200. இந்த இன்ஜினுக்கு 1,250க்கு மேல் தொடர்ந்து போகக் கூடாது என்பது பலரும் கடைப்பிடிக்கும் எல்லை. அலுமினியம் உருகுவது 1,220இல். பிஸ்டன் அலுமினியம்தான். எல்லையைத் தொட்டதும் உருகி வழிந்துவிடாது. சூடான புகை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம்தான் பிஸ்டனைத் தொடுகிறது, கீழிருந்து ஆயில் குளிர்விக்கிறது. ஆனால் நீண்ட ஏற்றத்தில் அந்தத் தயவு தீர்ந்துபோகும். மாப்பிள்ளை ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிக்கப் பார்த்தான். "மூணாவது போடு" என்றேன். போட்டான். சுற்று ஏறியது, டர்போ கூடுதல் காற்றைத் தள்ளியது, முள் 1,100க்குக் கீழே வந்துவிட்டது. மலைச்சாலையில் முன்கூட்டியே கியரை இறக்கு என்று நம் ஊர் பழைய ஓட்டுநர்கள் காதால் கேட்டுச் செய்ததை, இந்த முள் எண்ணாகக் காட்டுகிறது. டீசல் அழுத்தம் பன்னிரண்டில் நின்றது, பயமில்லை.

இனி டைமருக்கு வருவோம்.

டர்போவின் ஷாஃப்ட் பெரும்பாலும் பால் பேரிங்கில் ஓடுவதில்லை. ஆயில் படலத்தின்மேல் மிதந்தே ஓடுகிறது. இன்ஜினை நிறுத்தினால் ஆயில் பம்பும் நின்றுவிடும். பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் டர்பைன் உறையின் சூடு மெல்ல நடுப்பகுதிக்கு ஊர்ந்து வந்து, அங்கே தங்கிய ஆயிலைக் கருக்கிக் கரியாக்கும். கரி ஆயில் வழியை அடைக்கும், பேரிங் தேயும். இந்த டர்போவில் பேரிங்கைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வசதியும் இல்லை. ஆகவே நிறுத்தும் முன் ஐட்லிங்கில் ஓடவிட வேண்டும். டைமர் என்பது சாவியை உருவிய பிறகும் இக்னிஷனுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்து, குறித்த நேரத்தில் துண்டிக்கிற ரிலே. ஜப்பானில் பெட்ரோல் டர்போ கார்களுக்காகப் பரவிய சாமான். எச்கேஎஸ் போன்ற கம்பெனிகள் அதனால் பெயர் பெற்றவை. பெட்ரோல் டர்போவின் புகை டீசலைவிட எவ்வளவோ சூடு. அங்கே அதற்கு நியாயம் இருந்தது.

டீசல் இன்ஜின் ஐட்லிங்கில் தேவைக்கு மிக அதிகமான காற்றை இழுத்துத் தள்ளுகிறது. தன்னைத்தானே வேகமாக ஆற்றிக்கொள்கிறது. சுரங்கத்தைத் தாண்டி இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எங்கள் முள் சரசரவென்று 400க்கு விழுந்தது. ஐடஹோ ஸ்பிரிங்ஸ் ஊரில் காபிக்கு ஒதுங்கி நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றுவதற்குள் 300. அது போதும், சாவியைத் திருப்பலாம். டாட்ஜின் கையேட்டிலேயே இதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. வெறும் வண்டியாக ஊருக்குள் சுற்றிவந்தால் ஒரு நிமிடம்கூட வேண்டாம். முழுச் சுமையோடு மலை ஏறிய கையோடு நிறுத்தினால் ஐந்து நிமிடம். ஒரே நேரத்தைக் குறித்துவைத்த டைமர் காய்கறி வாங்கப் போன வண்டியையும் மலை ஏறிய வண்டியையும் ஒன்றாகத்தான் நடத்தும். வாங்கியே தீருவேன் என்றால் புகைச்சூட்டைப் பார்த்து நிறுத்துகிற வகையை வாங்குங்கள். பிடி டீசல் போன்றவர்கள் அப்படி விற்கிறார்கள்.

மாப்பிள்ளை வாங்கி வைத்திருந்ததோ நேரம் குறிக்கும் வகை. அவன் வண்டியில் அதற்கு இன்னொரு வில்லங்கமும் இருந்தது. கையால் கியர் போடும் வண்டியைச் சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்குவது எங்கும் பழக்கம். டைமர் ஓடும்போது அது முடியாது. நியூட்ரலில், பார்க்கிங் பிரேக்கை மட்டும் நம்பி, ஓடும் வண்டியை விட்டு இறங்க வேண்டும். பிரேக் இழுக்கவில்லை என்றால் டைமர் வேலை செய்யக் கூடாது என்பதற்காக ஒரு வயர் கொடுத்திருப்பார்கள். பலபேர் அதை நேராக எர்த்தில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். அதைவிட டைமரே இல்லாமல் இருக்கலாம். பெட்ரோல் பங்கில் இன்ஜினை நிறுத்து என்று எழுதிய பலகைக்கு நேராக வண்டி தானாக ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. கொலராடோவில் ஆளில்லாமல் வண்டியை ஓடவிட்டுப் போவது குற்றம்; குளிர்காலக் காலையில் சூடேறட்டும் என்று விட்டுப்போன வண்டிகளைத் திருடர்கள் ஓட்டிப் போய்விடுவதால் போலீஸ் அதில் கண்ணாக இருக்கிறது. அப்படிப் புகை விட்டு நிற்கும் வண்டிகளுக்கு அங்கே 'பஃபர்' என்றே பெயர். ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளுக்கு 2016இல் விலக்குக் கொடுத்தார்கள். டென்வர் நகரத்தில் ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடவிடக் கூடாது என்ற விதி தனி.

இதையெல்லாம் சொல்லியும், நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அவன் டைமரை மாட்டி எனக்குப் படம் அனுப்பினான். பிரேக் வயரை ஒழுங்காக இணைத்திருக்கிறான், ரிலேயைத் தனியாகப் போட்டிருக்கிறான், வயரிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமா சொன்னதைக் கேட்கவில்லை என்பது மட்டும்தான் குறை. அவன் வண்டி.

நம் ஊரிலும் டர்போ டைமர் வைக்கலாமா என்று கேட்கிற பொலீரோ, இன்னோவாக்காரர்கள் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் இருந்து இறங்கி, டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமலே ஜன்னல் வழியாக "ரெண்டு டீ" என்று சொல்லிவிட்டு, பிறகு சாவியைத் திருப்பும் ஓட்டுநர்களை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். டர்போவுக்கு அந்த இடைவெளி தாராளம். டைமருக்கு வைத்த பணத்தில் சரியான தரத்தில் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் வாங்கி, கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றுங்கள். பழைய டீசல் பிக்கப் வைத்துச் சுமை இழுக்கிற அமெரிக்கத் தமிழர்கள் முதலில் பைரோவை வாங்குங்கள். விபி44 பம்ப் உள்ள வண்டியாக இருந்தால் அதற்கும் முன்னால் டீசல் அழுத்த மீட்டரை, இந்த வாரமே.